காஞ்சியின் பழைய இசைத்தட்டுகள்

காஞ்சிபுரம் என்றவுடன் கோயிலும் பட்டும் நினைவுக்கு வருவது இயல்பு. வரலாறு கற்றவர்கள் கடிகையையும் பல்லவர் கற்றளிகளையும் நினைப்பார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இவற்றுள் எதுவுமன்று. பத்து அங்குலக் குறுக்களவுள்ள ஒரு கறுப்பு இசைத்தட்டைப் பற்றியும், அது தோன்றிய காலத்தைப் பற்றியும், அதை மறுபடியும் அச்சிட்டு வெளியிட முயன்றபோது எழுந்த சில கேள்விகளைப் பற்றியுமே சொல்ல விரும்புகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பழைய வீடு இருக்கிறது. என் பாட்டனார் தறி நெய்தவர். சங்கீதம் கற்றவரல்லர், ஆனால் கேட்கத் தெரிந்தவர். புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்வரும் நாட்களில், வேலை முடிந்ததும் மூர் மார்க்கெட்டுக்குள் நுழைந்து, பழைய சாமான் கடைகளில் கிராமபோன் தட்டுகளைத் தேடி வாங்கி வருவாராம். அந்த மூர் மார்க்கெட் 1985-ஆம் ஆண்டு தீக்கிரையாயிற்று. அங்கிருந்து அவர் கொணர்ந்த தட்டுகள் மட்டும் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. சில ஆண்டுகளுக்கு முன் பரணைத் துப்புரவு செய்தபோது அவற்றை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் பதினொன்று, நான்கு உடைந்திருந்தன. மீதியுள்ளவற்றில் ஒன்றின் நடுவே ஒட்டியிருந்த காகிதத்தைப் பூச்சி அரித்திருந்தது. 'கஞ்ஜீவரம்' என்று ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு சொல்தான் எஞ்சியிருந்தது. பாடியவர் பெயர் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

என் பள்ளித் தோழர் ஒருவருடைய மகன் சென்னையில் இருக்கிறார். பழைய தட்டுகளைச் சேகரித்து வைத்திருப்பவர்களிடமிருந்து அவற்றைப் பெற்று, நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டுகளாக மீண்டும் வெளியிட வேண்டுமென்ற ஆசை அவருக்கு உண்டு. நான் தட்டைக் கண்டெடுத்த செய்தி அறிந்ததும் அன்று மாலையே பேருந்து ஏறி வந்துவிட்டார். "மாமா, இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று நினைக்காதீர்கள்" என்று தொடங்கி ஒரு கதை சொன்னார். லெபனான் நாட்டு இசைஞர் இசாம் ஹாஜலி என்பவர், தம் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில், 1977-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் சில பாட்டுகளைப் பதிவு செய்தார். அரபு நாட்டுப்புற மெட்டும் ஜாஸ் இசையும் கலந்தவை அவை. ஒலிநாடாவில் சொற்பமான படிகளே எடுக்கப்பட்டன. நண்பர்கள் கைக்குப் போனதோடு சரி. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2019-இல், பெர்லின் நகரத்திலுள்ள ஒரு சிறு வெளியீட்டு நிலையத்தார் அதை வினைல் தட்டாக வெளியிட்டனர். உலகெங்கும் அதைக் கேட்டனர். "அரபுப் பாட்டுக்கு ஆகும் என்றால் காஞ்சிபுரத்துப் பாட்டுக்கு ஆகாதா?" என்பது அவர் கேள்வி.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் ஒரு வேறுபாட்டை அவர் கவனிக்கவில்லை. பெய்ரூத் இசைஞர் தம் பாட்டு மறுபடி வெளிவரும்போது உயிரோடிருந்தார். எது சரி, எது தவறு என்று சொல்ல அவரே இருந்தார். நம் தட்டில் பாடியவர் யாரென்பதே நமக்குத் தெரியாது. இந்த வேறுபாடு பின்னால் எங்களை வெகுவாக அலைக்கழித்தது.

தட்டின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். இந்தியாவில் முதன்முதலாக வணிக முறையில் இசைப்பதிவு நடந்தது 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கல்கத்தாவில். லண்டனிலிருந்து கிராமபோன் கம்பெனியின் சார்பில் வந்த பிரெடரிக் வில்லியம் கைஸ்பெர்க் என்பவர் அதைச் செய்தார். கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகி அப்போது பாடினார். மெழுகில் பதிந்த ஒலியை ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குக் கப்பலேற்றி, அங்கே தட்டுகளாக வார்த்துத் திரும்ப இந்தியாவுக்குக் கொணர்ந்து விற்றார்கள். 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்டது. 1928-இல் அது டம்டம் என்னும் இடத்துக்கு மாறிற்று.

அந்தத் தட்டுகள் எதனால் ஆனவை என்பது காஞ்சிபுரத்தாருக்குச் சுவையான செய்தி. அரக்கினால் ஆனவை. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு முதலிய மரங்களின் மேல் வாழும் சிறு பூச்சி வெளியிடும் பிசினே அரக்கு. அதோடு கல்மாவும் கரிப்பொடியும் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் இசைத்தட்டு. அதே பூச்சியிலிருந்து எடுத்த சாயம்தான் முற்காலத்தில் பட்டுக்கு அரக்கு நிறம் ஏற்றியது. இன்று சாயம் வேறு. ஆனால் நிறத்தின் பெயர் மாறவில்லை. கடைக்கு வரும் பெண்கள் 'அரக்கு உடம்பு, பச்சைக் கரை' என்று கேட்கும்போது அந்தச் சின்னஞ்சிறு பூச்சியைத்தான் அவர்கள் அறியாமலே கேட்கிறார்கள். என் பாட்டனார் தறியிலும் அரக்கு, பெட்டியிலும் அரக்கு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. மேல்நாடுகளில் பழைய தட்டுகளைத் திரட்டிப் பொடியாக்கிப் புதிய தட்டுக்குச் சேர்த்தார்கள். பழம்பாட்டின் மேலேயே புதுப்பாட்டு எழுந்தது. நம் ஊரிலும் இதற்கு ஒப்பான ஒன்று நாள்தோறும் நடக்கிறது. பழைய பட்டுப் புடவைகளை எடைக்கு வாங்குகிறவர்கள் அவற்றை எரித்துச் சரிகையிலுள்ள வெள்ளியை உருக்கி எடுத்துக்கொள்கிறார்கள். அடை கட்டிக் கையால் பூவெடுத்து நெய்த நெசவு ஒரு கைப்பிடி வெள்ளியாகிவிடும். எத்தனை கரைகளும் முந்தானைகளும் இப்படி மறைந்தன என்பதற்குக் கணக்கு இல்லை.

முதல் இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் யார் இசைத்தட்டுக்குப் பாடினார்கள் என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலோர் பரம்பரையாக இசையையும் நடனத்தையும் தொழிலாகக் கொண்ட குலத்துப் பெண்கள். கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், நம் காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் ஆகியோர் குரல்கள் தட்டேறின. சபைகளில் பாடிய ஆண் வித்துவான்கள் பலர் தயங்கினர். இயந்திரம் குரலைக் கவர்ந்துகொள்ளும், ஆயுளைக் குறைக்கும் என்ற அச்சம் சிலருக்கு. காப்பிக் கடையிலும் கடைத்தெருவிலும் தம் பாட்டு ஒலிப்பது தகுதிக் குறைவு என்ற எண்ணம் வேறு சிலருக்கு. இந்தப் பெண்களுக்கோ இயந்திரம் ஒரு புதிய சபை. அவர்கள் துணிந்தார்கள், ஆகவேதான் நம் சங்கீதத்தின் மிகப் பழைய ஒலி இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவர்கள் வாயிலாகவே. சமுதாயம் அவர்களுக்கு அளித்த இடம் என்ன, அவர்கள் நமக்கு விட்டுச்சென்றது என்ன என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் வெட்கமே மிஞ்சும்.

கோயம்புத்தூர் தாயியைப் பற்றி ஒரு செய்தி. மோரிஸ் டெலாழ் என்ற பிரெஞ்சு இசையாசிரியர் 1912-ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவுக்கு வந்தார். தாயியின் பாட்டில் அவர் மனம் சென்றது. அவருடைய இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதையொட்டி 'ராகமாலிகா' என்ற பெயரில் ஓர் இசைப் படைப்பை இயற்றினார். பாரிஸில் அதைப் பாடியவர்களுக்குக் கோயம்புத்தூர் எங்கிருக்கிறது என்று தெரிந்திராது. ஆனால் மூன்று நிமிடத் தட்டு ஒன்று கடல் கடந்து சென்று வேறோர் இசைமரபில் புகுந்துவிட்டது. மறுவெளியீடு என்பது தொழிற்சாலையில் மட்டுமே நடப்பதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனிக் காஞ்சிக்கு வருவோம். தனகோடி அம்மாளும் அவர் தங்கை காமாட்சி அம்மாளும் சேர்ந்து பாடி 'தனகோடி சகோதரிகள்' என்று பெயர் பெற்றவர்கள். காமாட்சி அம்மாளின் மகன் சுப்பிரமணியப் பிள்ளை. உலகம் அவரைக் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை என்றே அறியும். 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்தவர். இளமையில் மல்யுத்தத்தில் நாட்டம் கொண்டு திரிந்தார், வயது ஏறிய பின்பே சங்கீதத்தின் பக்கம் திரும்பினார் என்று ஊரில் சொல்வார்கள். திரும்பிய பின் அதில் அவர் காட்டியதும் மல்யுத்த வீரனுடைய உழைப்புத்தான்.

அவருடைய கச்சேரி தனி வகையானது. வயலினும் மிருதங்கமும் மட்டும் போதா. கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் எல்லாம் சூழ உட்கார வேண்டும். 'புல் பெஞ்சு கச்சேரி' என்று அக்காலத்து ரசிகர்கள் நீதிமன்ற மொழியில் அதற்குப் பெயரிட்டார்கள். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் வயலினும், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கஞ்சிராவும் அந்தச் சபையில் ஒலித்தன. கடினமான தாளங்களில் பல்லவியை எடுத்துக்கொண்டு, இத்தனை பேருடைய லயக் கேள்விகளுக்கும் குரலாலேயே விடை சொல்லிக்கொண்டு போவாராம். காஞ்சியில் அவர் நடத்திய தியாகராஜர் உற்சவத்துக்கு நாடெங்குமிருந்து வித்துவான்கள் வந்தார்கள்.

அந்த நாயனாப் பிள்ளை இசைத்தட்டில் பாடவில்லை. 1925-ஆம் ஆண்டுக்குப் பின் மின்சார முறையில் ஒலிப்பதிவு செய்யும் வழக்கம் வந்துவிட்டது. குழாய்க்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு கத்த வேண்டிய தேவை நீங்கிற்று. அவர் வாழ்ந்த காலத்தில் இதற்குப் பின்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. இருந்தும் அவர் இணங்கவில்லை. இதைச் சிலர் பிடிவாதம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சிறிது கூடுதலாக ஓடும். ஒரு பல்லவியை ஒரு மணி நேரம் விரித்துப் பாடுகிறவருக்கு மூன்று நிமிடம் என்பது என்ன? முழுப் புடவை நெய்கிறவனிடம் ஒரு சாண் துணி கேட்பது போன்றது.

காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. பெரியம்மாவின் குரல் இருக்கிறது; மகனின் குரல் இல்லை.

ஆனால் குரல் இல்லை என்பதால் பாட்டு இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. வீணை தனம்மாளின் பேத்திகளான டி. பிருந்தாவும் டி. முக்தாவும் சிறு வயதில் காஞ்சிக்கு வந்து நாயனாப் பிள்ளையிடம் தியாகராஜ கீர்த்தனைகளைப் பாடம் செய்தார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவருடைய நேர்ச் சீடர். குரு மறுத்த இசைத்தட்டில் சீடர் பாடினார். ஆனந்தபைரவி ஜாவளி ஒன்றை அவர் பாடிய தட்டு எங்கும் ஒலித்தது. 1919-இல் பிறந்து காஞ்சியில் வளர்ந்த டி. கே. பட்டம்மாள், நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே பலவற்றை உள்வாங்கிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். பெண்கள் பல்லவி பாடுவது வழக்கமில்லை என்றிருந்த மேடையில் அவர் பல்லவி பாடினார். நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வானொலியில் பாரதியாரின் விடுதலைப் பாடலைப் பாடியவரும் அவரே. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளைக்கு 1954-இலும், பட்டம்மாளுக்கு 1970-இலும், பிருந்தாவுக்கு 1976-இலும் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. தட்டில் ஏறாத ஒருவருடைய பாடாந்தரம் இப்படித் தொண்டையிலிருந்து தொண்டைக்குப் போயிற்று.

போகாமல் நின்றுவிட்டவையும் உண்டு. காஞ்சியில் உபநிடதப் பிரம்மேந்திரரின் மடம் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் காஞ்சியில் தங்கியிருந்தபோது அம்முனிவர் இயற்றிய ராமாஷ்டபதிக்கு இசையமைத்தார் என்பது மரபு. சாகித்தியம் ஏட்டில் இருக்கிறது. தீட்சிதர் அமைத்த மெட்டு கிடைக்கவில்லை. தொண்டைச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் இதுதான் கதி.

இங்கே அரபு நாட்டைத் திரும்ப நினைக்க வேண்டியிருக்கிறது. 1932-ஆம் ஆண்டு எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் அரபு இசை மாநாடு ஒன்று கூடிற்று. மன்னர் புவாத் அதை ஆதரித்தார். ஐரோப்பாவிலிருந்து பேலா பார்த்தோக், ஹிண்டமித் போன்ற இசைப் பேரறிஞர்கள் வந்திருந்தனர். மொராக்கோ முதல் இராக் வரை பல நாட்டு இசைக்குழுக்களை அழைத்து, மாநாட்டோடு மாநாடாகக் கிராமபோன் கம்பெனியைக் கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட தட்டுகளில் பதிவு செய்துவிட்டார்கள். 2015-ஆம் ஆண்டு அவை அனைத்தும் 18 குறுந்தகடுகளாகத் திரும்ப வெளிவந்தன. நம் சென்னையிலும் 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதிலிருந்தே அடுத்த ஆண்டு மியூசிக் அகாதெமி பிறந்தது. சுருதியைப் பற்றியும் மேளகர்த்தாக்களைப் பற்றியும் அங்கே அறிஞர்கள் விவாதித்தார்கள். ஆயினும் கெய்ரோவோடு ஒப்பிடத்தக்க இசைத்தட்டுத் தொகுதி எதுவும் அம்மாநாட்டிலிருந்து நமக்குக் கிடைக்கவில்லை. அப்போது நாயனாப் பிள்ளைக்கு வயது 38.

கெய்ரோவில் அரசு செய்ததை நம் நாட்டில் தனிமனிதர்கள் செய்தார்கள். சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் தம் சொந்தச் செலவில் சேர்த்தார். மும்பையில் 1990-ஆம் ஆண்டு இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றிற்று. எங்கோ ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மைக்கேல் கின்னியர் என்பவர் கிராமபோன் கம்பெனியின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து, எந்த ஆண்டில் யார் என்ன பாடினார் என்று பட்டியல் தொகுத்தார். வானொலி நிலையத்தாரும் 2003-ஆம் ஆண்டு முதல் தம் கருவூலத்திலிருந்து பழம் பதிவுகளைக் குறுந்தகடுகளாக வெளியிட்டனர்.

எங்கள் தட்டின் கதைக்கு வருகிறேன். தோழரின் மகன் அதைத் துடைத்துச் சுத்தம் செய்தார். பழைய தட்டின் பள்ளம், பிற்கால வினைல் தட்டின் பள்ளத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது. அதற்கென்றே தனி ஊசி வேண்டும். அந்த ஊசியை வைத்து ஓடவிட்டோம். கொதிக்கிற எண்ணெயில் வடகம் பொரிவது போன்ற இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. உச்சஸ்தாயியில், ஒளிவுமறைவின்றி, சபையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி எடுத்த குரல். பாட்டு முடிந்தது. தட்டு நிற்பதற்கு முன் அதே குரல் பேசிற்று. அக்காலத்தில் பாடியவர் இறுதியில் தம் பெயரைச் சொல்லுவது வழக்கம். தட்டை வார்க்கும் அயல்நாட்டார் யாருடைய பாட்டு என்று அடையாளம் காண அது உதவிற்று. கௌஹர் ஜானும் அப்படியே சொல்லியிருக்கிறார். நம் தட்டில் 'காஞ்சிபுரம்' என்ற சொல் தெளிவாகக் கேட்டது. அடுத்த சொல்லின்மேல் ஒரு கீறல். ஊசி துள்ளிவிட்டது. பத்து முறை வைத்தோம்; பத்து முறையும் துள்ளிற்று.

அடுத்து வேகத்தைப் பற்றிய சண்டை. பழைய தட்டுகளை 'எழுபத்தெட்டு' என்று சொல்கிறோம். நிமிடத்துக்கு 78 சுற்று என்று பொருள். ஆனால் தொடக்க காலத்தில் எல்லாத் தட்டும் அந்த வேகத்தில் பதிவாகவில்லை. எழுபதிலிருந்து எண்பதுக்கு மேலும்கூட வேறுபடும். பதிவான வேகம் 73½ சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 78-இல் ஓட்டினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரையில் பாடுவார். பாட்டின் காலமும் ஓடும்; கமகம் நடுங்கும். மறுவெளியீடு செய்கிறவர் வேகத்தைத் தவறாகக் கொண்டால், அந்தப் பெண் ஒருபோதும் பாடாத பாட்டை அவர் பாடியதாக உலகம் நம்பும். கணிப்பொறியில் 78-ஐ அடித்துவிட்டு மேலே போகலாம் என்றார் இளைஞர். நான் ஒப்பவில்லை.

எங்கள் ஊரில் ஒரு மூதாட்டி இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சிறுவயதில் இந்தப் பரம்பரையின் பாட்டைக் காதாரக் கேட்டவர்களிடம் பாடம் கற்றவர். தட்டை அவரிடம் எடுத்துக்கொண்டு போனோம். 78-இல் கேட்டதும் கையை அசைத்து நிறுத்தச் சொன்னார். "என்னப்பா, ரயிலுக்குப் போகிறாளா இவள்? எங்கள் ஆட்கள் அந்த இடத்தில் நின்று அல்லவா வருவார்கள்?" என்றார். வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். 73-க்கும் 74-க்கும் இடையில் ஓரிடத்தில் அவர் பேசாமல் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். பாட்டு முடியுமட்டும் போட்டார். அறிவியல் முறையில் இது சான்றாகுமா என்று கேட்டால் ஆகாது. எனினும் அந்த வேகத்தையே வைத்துக்கொண்டோம். எப்படி அதை முடிவு செய்தோம் என்று உறையில் எழுதிவிடுவது என்றும் தீர்மானித்தோம்.

பாடியவர் யார் என்று மூதாட்டியிடம் கேட்டேன். "தனகோடி அம்மாளாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். காஞ்சிபுரத்தில் அப்போது பாடத் தெரிந்தவள் ஒருத்தியா, இரண்டு பேரா?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தால் வந்ததுதான் பெரிய தொல்லை. தட்டை அச்சிட்டுத் தர முன்வந்த நிலையத்தாரிடம் கோப்பு போயிற்று. இரண்டு திங்கள் கழித்து மாதிரித் தட்டும் உறையின் மாதிரியும் வந்தன. உறையில் பெரிய எழுத்தில் 'காஞ்சிபுரம் தனகோடி அம்மாள்' என்று போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, பெயர் இருந்தால்தான் விற்கும் என்று விடை வந்தது. தட்டை ஓட்டிப் பார்த்தேன். இரைச்சலை முற்றிலும் துடைத்திருந்தார்கள். அதோடு குரலின் ஓரங்களையும் துடைத்துவிட்டார்கள். சலவைக்குப் போய் வந்த பட்டு மாதிரி இருந்தது. எல்லாவற்றிலும் மோசம், பாட்டு முடிந்தவுடன் வெட்டிவிட்டிருந்தார்கள். கடைசியில் வரும் பேச்சும் கீறலும் கேட்பதற்கு நன்றாயில்லையாம். அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லிக்கொண்ட இடத்தை எடுத்துவிட்டு, உறையில் வேறொருவர் பெயரைப் போட்டிருந்தார்கள்.

எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. நெசவாளி வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்த வகை வேலை புதிதன்று. பழைய மயில் கரையையோ, இருதலைப் பட்சியையோ பார்த்துத் திரும்ப நெய்வது எங்கள் தெருவில் எந்நாளும் உண்டு. ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தில் தறி அமைத்துப் பழைய காஞ்சிப் புடவைகளின் கரைகளை மீட்டதை எங்கள் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அடை கட்டிய தறி போய் அட்டை ஓடும் ஜக்கார்டு பெட்டி வந்த பிறகும் பூ அதே பூதான், அதில் குற்றமில்லை. ஆனால் நேற்று நெய்ததைப் பாட்டி காலத்துப் புடவை என்று சொல்லி விற்றால் அது வேறு. 2005-06-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியதன் நோக்கமே வேறெங்கோ நெய்ததைக் காஞ்சி என்று சொல்லக்கூடாது என்பதுதானே? புடவைக்கு இருக்கிற இந்த நியாயம் பாட்டுக்கு இல்லையா?

சட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பிடிமானம் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். எங்கள் தட்டு அந்த எல்லையைக் கடந்து வெகுகாலம் ஆகிறது. யாரும் அச்சிடலாம். அச்சிடுவதற்கு வசதிகளும் பெருகிவிட்டன. இந்தியாவில் நின்றுபோயிருந்த வினைல் தட்டு வார்ப்பு அண்மையில் மும்பைப் பக்கத்தில் மறுபடி தொடங்கியிருக்கிறது. பாடியவருடைய வழித்தோன்றல்களைத் தேடி அவர்களுக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெயரே தெரியாதபோது யாரைத் தேடுவது?

மறுநாள் காலையில் இளைஞரிடம் மூன்று நிபந்தனைகள் சொன்னேன். இரைச்சல் ஓரளவு இருக்கட்டும். குரல் முழுதாக வேண்டும். இறுதிப் பேச்சைக் கீறலோடு அப்படியே வைக்க வேண்டும். உறையில் 'பாடியவர்: காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர், பெயர் கேட்கவில்லை' என்று போட வேண்டும். அவர் முகம் வாடிற்று. "மாமா, பெயரில்லாத தட்டை அவர்கள் அச்சிட மாட்டார்கள்" என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. நிலையத்தார் கையை விரித்துவிட்டனர். எட்டு மாதம் ஒன்றும் நகரவில்லை. நான் செய்தது சரிதானா என்ற ஐயம் எனக்கும் வந்தது. பிழையான பெயரோடாவது நாலு பேர் கேட்டிருப்பார்களே என்று மனம் அடித்துக்கொண்டது. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தவர்கள் "தட்டு என்னவாயிற்று?" என்று கேட்பார்கள். "ஆகிக்கொண்டிருக்கிறது" என்பேன்.

பிறகு வேறொரு சிறு அச்சகத்தார் முந்நூறு படிகளுக்கு ஒப்புக்கொண்டார்கள். வேறு சேகரிப்பாளர்கள் தந்த பதினொரு பழைய பக்கங்களோடு எங்கள் தட்டையும் சேர்த்து, பக்கத்துக்கு ஆறாக ஒரே வினைல் தட்டாயிற்று. நூறாண்டுக்கு முன் ஒரு பெட்டி நிறையச் சுமக்க வேண்டிய பாட்டு இப்போது ஒரு தட்டில் அடங்கிவிட்டது. அதன் விலையைக் கேட்டு என் மனைவி திகைத்துப்போனாள். எங்கள் தெருவில் தட்டு வாங்கவோ, ஓட்டும் பெட்டி வாங்கவோ கூடியவர்கள் இல்லை என்பதும் மெய்யே. ஆகையால் முந்நூறில் பத்துப் படிகளை நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டும், கோப்பை யார் கேட்டாலும் இலவசமாகத் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

முதல் படி சென்ற தை மாதம் வந்தது. மூதாட்டியின் வீட்டுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். முழுதும் கேட்டார். எங்கள் தட்டின் பாட்டு முடிந்து 'காஞ்சிபுரம்' என்ற சொல் வந்தது, பிறகு கீறல். புதிய தட்டில் ஊசி துள்ளவில்லை. கீறலின் ஒலி மட்டும் வந்து போயிற்று. அந்தச் சத்தத்துக்கு அடியில் ஏதோ ஓர் எழுத்து இருப்பது போலத் தோன்றிற்று.

"இன்னொரு முறை அந்த இடத்தை வை" என்றார் மூதாட்டி. வைத்தோம். தலையைச் சாய்த்துக் காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டார். அடுத்த வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சற்று நிறுத்தச் சொல்லிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்.